முயலுக்கு இன்சூரன்ஸ்: பிரீமியத்தைப் பார்க்கும் முன் பல்லைப் பற்றிய வரியைப் படியுங்கள்

உங்கள் கேள்வி எனக்குப் புரிந்த வரையில் இதுதான். இங்கிலாந்தில் இருக்கிறீர்கள், மகளுக்காக மினி லாப் என்ற தொங்கு காது வகையில் இரண்டு முயல் வாங்கியிருக்கிறீர்கள், ஒன்று ஆண், ஒன்று பெண், வயது எட்டு மாதம். இன்சூரன்ஸ் விசாரித்ததில் ஒரு கம்பெனி இரண்டுக்கும் சேர்த்து மாதம் 19 பவுண்டு என்கிறது, இன்னொன்று 27 பவுண்டு. முயலின் விலையே ஒன்று 60 பவுண்டுதான், அதற்குப் போய் வருடத்துக்கு முந்நூறு பவுண்டா என்று உங்கள் கணவர் கேட்கிறார். எடுக்கலாமா, எந்தப் பாலிசி, விலை நியாயமா என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்.

எடுங்கள். 27 பவுண்டு பாலிசியை எடுங்கள். இந்த மாதமே எடுங்கள். ஏன் என்று சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் முயல் இன்சூரன்ஸ் நாய், பூனை இன்சூரன்ஸ் மாதிரி இல்லை, அதில் ஓட்டைகள் வேறு இடங்களில் இருக்கின்றன, அவை தெரியாமல் எடுத்தால் எடுத்தும் பயனில்லை.

நான் இங்கே பதின்மூன்று வருடமாக முயல் வளர்க்கிறேன், இப்போது வீட்டில் இருப்பது மூன்றாவது ஜோடி. உங்கள் கணவர் சொல்வதையே என் வீட்டிலும் சொன்னார்கள், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று. பழமொழி சரிதான், ஆனால் வெட்டுக்கு, அதாவது கால்நடை டாக்டருக்கு, நீங்கள் கொடுக்கும் பணம் முயல் வாங்கிய விலையைப் பார்த்து வருவதில்லை. எக்ஸ்ரே எடுக்கும் மெஷினுக்கும், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கும், ராத்திரி விழித்திருந்து பார்க்கும் நர்ஸுக்கும் ஆகும் செலவு நாயானாலும் முயலானாலும் ஏறக்குறைய ஒன்றுதான். சிறிய பிராணி, அதனால் சிறிய பில் என்று நினைத்துத்தான் பல பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

என் முதல் ஆண் முயல் ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை மாலை கொத்தமல்லித் தழையை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அவ்வளவுதான் அறிகுறி. வயிறு வலிக்கிறது என்று முயல் கத்தாது, முனகாது, மூலையில் முதுகை வளைத்து உட்கார்ந்துகொள்ளும், புழுக்கை சிறுத்துப்போகும், பிறகு நின்றே போகும். முயலின் குடல் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது, குடல் நின்றால் உள்ளே வாயு சேர்ந்து வலி கூடும், வலி கூடினால் இன்னும் சாப்பிடாது, இப்படியே ஒரு சுழலுக்குள் போய்விடும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாலே அவசரம் என்று எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தால் காலையில் முயல் இருக்காமல் போகலாம். ராத்திரி பத்து மணிக்கு அவசர மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். உள்ளே நுழைந்ததற்கே இருநூறு பவுண்டுக்கு மேல் கட்டணம். காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார்கள், அது லிட்டருக்கு 20 மில்லிமோலுக்கு மேல் ஏறியிருந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம், அப்படியென்றால் ஆபரேஷன் வரைக்கும் போகலாம். நல்லவேளையாக ஏறவில்லை. எக்ஸ்ரே, டிரிப், வலி மருந்து, சிரிஞ்சில் கரைத்த உணவு, இரண்டு ராத்திரி தங்கல். மொத்தம் 1,140 பவுண்டு. எக்ஸஸ், அதாவது பில்லில் நாமே ஏற்க வேண்டிய முதல் பகுதி, 90 பவுண்டு நான் கட்டினேன், மீதி 1,050 இன்சூரன்ஸில் வந்தது.

அன்று கூடத்தில் இன்னொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது, அவர்களுக்கும் ஒரு முயல், ஏறக்குறைய அதே நிலைமை. பில் எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டு அந்த அம்மா வெளியே போய் யாருக்கோ போன் பண்ணிக்கொண்டே இருந்தார், திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார், கருணைக்கொலைக்கு. பிழைத்திருக்கக்கூடிய முயல் அது. அந்தக் குழந்தையின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. முயலோடு நமக்குக் கிடைப்பது சில மணி நேரம்தான், அந்தச் சில மணி நேரத்தில் கடன் கேட்டு அலைய முடியாது. பணத்தைப் பற்றிய முடிவை முன்கூட்டியே எடுத்து வைத்திருக்க வேண்டும், அது இன்சூரன்ஸாகவும் இருக்கலாம், தனியாக ஒதுக்கிய சேமிப்பாகவும் இருக்கலாம், ஆனால் ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

சரி, யார் தருகிறார்கள் என்ற கேள்விக்கு வருவோம். இங்கிலாந்தில் நாய், பூனைக்கு எத்தனையோ கம்பெனிகள், முயலுக்கு விரல் விட்டு எண்ணிவிடலாம். பெட்பிளான் நீண்ட காலமாகத் தருகிறது, அரிய பிராணிகளுக்கென்றே இருக்கும் எக்ஸாட்டிக் டைரக்ட்டும் உண்டு, இவை போக இன்னும் ஓரிரண்டு வரும் போகும். விலை ஒப்பிடும் இணையதளங்களில் தேடினால் பெரும்பாலும் நாய், பூனை மட்டுமே கேட்கும், அதைப் பார்த்துவிட்டு முயலுக்கு இன்சூரன்ஸே கிடையாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், கம்பெனியின் பக்கத்துக்கே நேராகப் போய்ப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் நாய், பூனைக்கு அடுத்தபடி இந்த நாட்டு வீடுகளில் அதிகம் காணப்படும் பிராணிகளில் முயலும் ஒன்று. அப்படியும் கம்பெனிகள் ஏன் தயங்குகின்றன என்றால், என் கணிப்பு இது: பிரீமியம் குறைவாக வைத்தால்தான் மக்கள் எடுப்பார்கள், ஆனால் சிகிச்சைச் செலவு குறைவில்லை. மருத்துவ உலகில் முயல் இன்னமும் எக்ஸாட்டிக், அதாவது அரிய பிராணி, கணக்கில்தான் வருகிறது, முயலுக்குக் கொடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை முயலுக்கென்று உரிமம் பெற்றவையே இல்லை, வேறு பிராணிக்கான மருந்தை டாக்டர் தன் பொறுப்பில் கொடுக்கிறார்.

வயது வரம்பு முக்கியம். பொதுவாக எட்டு வாரம் ஆகியிருக்க வேண்டும், மேலே ஐந்து வயதுக்குள் சேர்ந்திருக்க வேண்டும் என்ற மாதிரி இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் முயல் எட்டு முதல் பன்னிரண்டு வருடம் வாழும், ஆக வாழ்நாளின் பின்பாதியில் புதிதாக யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இப்போது விட்டுவிட்டு வயதான பிறகு எடுக்கலாம் என்ற யோசனை முயலில் நடக்காது. உங்கள் முயல்களுக்கு எட்டு மாதம், வியாதி எதுவும் பதிவாகவில்லை என்கிறீர்கள், இதைவிட நல்ல நேரம் வராது.

விலை நியாயமா? ஒரு முயலுக்கு மாதம் 9 பவுண்டில் இருந்து 18 வரை நான் என் பகுதியிலும் நண்பர்கள் பகுதியிலும் பார்த்திருக்கிறேன், உங்களுக்கு வந்த இரண்டுமே அந்த வரம்பை ஒட்டித்தான் இருக்கின்றன. அதில் 12 சதவீதம் இன்சூரன்ஸ் வரி, 2017 ஜூன் முதல் அந்த விகிதம், விளம்பரத்தில் சொல்லும் தொகையில் அது சேர்ந்தே இருக்கும். லண்டன் போன்ற இடங்களில் கூடுதலாக இருக்கும், முயலுக்கு வயது ஏற ஏற ஒவ்வொரு புதுப்பித்தலிலும் கூடும். முதல் வருட விலையை மட்டும் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள்.

இப்போது அந்த 19-க்கும் 27-க்கும் உள்ள வித்தியாசம். நீங்கள் அனுப்பிய விவரப்படி 19 பவுண்டு பாலிசி ஒரு வியாதிக்கு 1,000 பவுண்டு வரை, அதுவும் அந்த வியாதி தொடங்கியதிலிருந்து 12 மாதம் மட்டும், அதற்குப் பிறகு அந்த வியாதிக்கு ஒரு பைசா கிடையாது. 27 பவுண்டு பாலிசியில் வருடத்துக்கு 2,000 பவுண்டு, புதுப்பிக்கும்போது தொகை மறுபடி நிரம்பும், பழைய வியாதியும் தொடர்ந்து சேரும். எலும்பு முறிவு போல ஒரு முறை வந்து போகிற விஷயமாக இருந்தால் முதல் வகையே போதும். முயலின் வியாதிகள் அப்படி இல்லை. பல், தாடைச் சீழ்க்கட்டி, திரும்பத் திரும்ப குடல் நின்றுபோவது, கண்ணீர்க் குழாய் அடைப்பு, தொங்கு காது முயல்களுக்குக் காதுத் தொந்தரவு, எல்லாம் வருடக்கணக்கில் கூடவே வருபவை. பன்னிரண்டு மாதத்தில் கைவிடுகிற பாலிசி, சரியாகத் தேவைப்படும்போது கைவிடும். வருடத்துக்கு 96 பவுண்டு வித்தியாசம், என் கருத்தில் அந்தத் தொகைக்குத்தான் இங்கே மதிப்பே இருக்கிறது.

பல்லைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். முயலுக்கு மொத்தம் 28 பல், எல்லாமே சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும், முன்பல் வாரத்துக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் வளரும். உலர்புல்லை மணிக்கணக்காக மென்றால்தான் தேயும். கடைவாய்ப் பல் தேயாமல் ஓரத்தில் கூராக வளர்ந்தால் நாக்கையோ கன்னத்தையோ கிழிக்கும், முயல் சாப்பிடுவதை நிறுத்தும், குடல் நிற்கும். ராயல் வெட்டரினரி காலேஜ் ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் வெட்டிடம் வந்த 6,349 முயல்களின் 2013-ஆம் ஆண்டுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். அதில் நகம் வளர்ந்துபோனதற்கு அடுத்தபடி அதிகம் பதிவானது கடைவாய்ப் பல் வளர்ந்துபோனதுதான். அப்படியிருக்க, பல முயல் பாலிசிகளில் பல் சிகிச்சை கிடையாது என்றோ, விபத்தில் உடைந்தால் மட்டும் உண்டு என்றோ ஒரு வரி இருக்கும். ஆக, அதிகம் வரக்கூடிய வியாதியையே விலக்கிவிட்ட பாலிசி அது. அதனால்தான் நான் யாருக்குச் சொன்னாலும் பிரீமியத்தைப் பார்க்கும் முன் பல்லைப் பற்றிய வரியைப் படிக்கச் சொல்கிறேன். உங்கள் 27 பவுண்டு பாலிசியில் பல் வியாதி உண்டு, ஆனால் வருடம் ஒரு முறை வெட் பல்லைப் பார்த்துப் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தடுப்பூசிக்குப் போகும் அன்றே, கடைவாய்ப் பல்லையும் கருவி வைத்துப் பார்த்தேன் என்று பதிவில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது கிளெய்மில், அதாவது கம்பெனியிடம் பணம் கேட்கும்போது, நிற்காது.

பதிவு என்று சொல்லும்போது என் அனுபவம் ஒன்று. என் பெண் முயலுக்கு நாலு வயதில் தாடையில் சீழ்க்கட்டி. முயலின் சீழ் கெட்டியானது, பற்பசை மாதிரி இருக்கும், நாய்க்குச் செய்வது போல் கீறி வடித்துவிட முடியாது, கட்டியை உறையோடு வெட்டி எடுக்க வேண்டும், பல வேளை கூடவே பல்லையும் எடுக்க வேண்டும். 1,600 பவுண்டு ஆனது. கம்பெனி கிளெய்மை நிராகரித்துவிட்டது. காரணம், பாலிசி எடுப்பதற்குச் சில வாரம் முன்பு நகம் வெட்டப் போனபோது ஒரு டாக்டர் "முன்பல் சற்று நீளம், கவனிக்கவும்" என்று கோப்பில் ஒரு வரி எழுதியிருக்கிறார். என்னிடம் அவர் சொல்லவும் இல்லை, எனக்குத் தெரியவும் தெரியாது. முன்பே இருந்த வியாதி என்று அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நான் எழுத்தில் புகார் கொடுத்தேன், சிகிச்சை செய்த டாக்டர், அந்த நாளில் கடைவாய்ப் பல் சரியாக இருந்ததாக அதே பதிவில் இருக்கிறது, முன்பல் குறிப்புக்கும் இந்தக் கட்டிக்கும் தொடர்பில்லை என்று கடிதம் கொடுத்தார். மூன்று மாதம் இழுத்து, கட்டிக்கான பணத்தைக் கொடுத்தார்கள், அதற்குப் பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு முறை பல் ராவியதற்குக் கொடுக்கவே இல்லை.

அதனால் பாலிசியில் சேரும் முன் வெட்டிடம் முழு மருத்துவப் பதிவையும் கேட்டு வாங்கி ஒரு முறை படியுங்கள், கேட்டால் கொடுப்பார்கள். சந்தேகமான வரி ஏதாவது இருந்தால் அப்போதே கம்பெனிக்குச் சொல்லி, இதைக் காரணம் காட்டி எதை விலக்குவீர்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2012-ஆம் ஆண்டு நுகர்வோர் காப்பீட்டுச் சட்டப்படி, கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு உண்மையான பதில் சொல்வது உங்கள் கடமை, அதை மீறினால் கிளெய்ம் குறையலாம், முழுதாகப் போகவும் போகலாம். அதே நேரம் கம்பெனி அநியாயமாக மறுத்தால் முதலில் அவர்களிடம் புகார், எட்டு வாரத்துக்குள் அவர்கள் முடிவான பதில் தர வேண்டும், அதில் திருப்தி இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மன் என்ற நடுநிலைப் புகார் அமைப்பிடம் போகலாம், நமக்குச் செலவு எதுவும் கிடையாது. பிராணி இன்சூரன்ஸ் வழக்குகளையும் அவர்கள் பார்க்கிறார்கள், முயல்தானே என்று ஒதுக்க மாட்டார்கள்.

எதற்கெல்லாம் பணம் வராது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தடுப்பூசி, கருத்தடை ஆபரேஷன், நகம் வெட்டுவது, குட்டி போடுவது சம்பந்தப்பட்ட செலவு, எதுவும் வராது. பாலிசி தொடங்கி முதல் 14 நாளுக்குள் தெரிய வந்த வியாதிக்கும் பொதுவாக வராது. தடுப்பூசி போடாத முயலுக்கு அந்த வியாதி வந்தாலும் வராது. இந்த நாட்டில் முயலுக்கு வேண்டிய தடுப்பூசி மிக்சோமடோசிஸ் என்ற வைரஸ் நோய்க்கும், ஆர்ஹெச்டி என்ற ரத்தக்கசிவு நோயின் இரண்டு வகைக்கும். 2020-இல் இருந்து மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி இருக்கிறது, வருடம் ஒரு முறை. வீட்டுக்குள்ளேயே இருக்கும் முயலுக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள், மிக்சோமடோசிஸைக் கொசுவும் தெள்ளுப்பூச்சியும் கொண்டுவரும், ஆர்ஹெச்டி உங்கள் செருப்பிலேயே வந்துவிடும்.

கருத்தடைக்குப் பணம் வராவிட்டாலும் கட்டாயம் செய்யுங்கள், குறிப்பாகப் பெண் முயலுக்கு. கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயதாக ஆகக் கர்ப்பப்பைப் புற்றுநோய் வருவது மிக அதிகம், பாதிக்கு மேல் என்றும் எண்பது சதவீதம் வரை என்றும் ஆய்வுகளில் வந்திருக்கிறது. உங்களிடம் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருக்கின்றன, எட்டு மாதம் ஆகிவிட்டது, இன்னும் செய்யவில்லை என்றால் இப்போதே பிரித்து வைத்துவிட்டு ஆணுக்கு முதலில் செய்யுங்கள். செய்த பிறகும் ஆறு வாரம் வரை ஆண் முயலால் குட்டி உண்டாக்க முடியும், அதுவரை சேர்க்காதீர்கள். ஒருவேளை ஏற்கெனவே பெண் முயல் சினையாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு ஆகும் எந்தச் செலவும் இன்சூரன்ஸில் வராது.

இரண்டு முயல் என்பதால் ஒரு விஷயம். முயல் தனியாக இருக்கக் கூடாது, ஜோடியாகத்தான் இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் ஜோடி என்றால் இரண்டு பிரீமியம், இரண்டு எக்ஸஸ். ஒன்றை மருத்துவமனையில் தங்க வைத்தால் மற்றதையும் கூடவே கொண்டுபோய் வைக்கச் சொல்வார்கள், பிரிந்திருந்துவிட்டு வந்தால் வாசனை மாறிச் சண்டை போட்டுக்கொள்ளும், அப்படித் துணைக்கு இருக்கும் முயலுக்கான தங்கும் கட்டணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். என் மருத்துவமனை துணைக்கு வந்ததற்குக் கட்டணம் வாங்கவில்லை, எல்லா இடத்திலும் அப்படி இருக்காது, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், வெட்டின் வரவேற்பறையில் மாதம் இத்தனை பவுண்டு என்று ஹெல்த் பிளான் ஒன்று தருவார்கள். அதைப் பல பேர் இன்சூரன்ஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. அது தடுப்பூசி, வருடப் பரிசோதனை, நகம் வெட்டுவது ஆகியவற்றை மாதத் தவணையாக்கி, மற்றவற்றில் கொஞ்சம் தள்ளுபடி தரும் ஏற்பாடு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் சில இடங்களில் லாபம்தான். ஆனால் முயல் ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்தால் அந்தப் பிளானில் இருந்து ஆயிரம் பவுண்டு வராது.

இன்சூரன்ஸ் வேண்டாம், அந்த 27 பவுண்டை நாமே சேர்த்து வைத்தால் என்ன என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. வருடத்துக்கு 324 பவுண்டு, விலையே ஏறாது என்று வைத்துக்கொண்டாலும் பத்து வருடத்தில் 3,240 பவுண்டு. இரண்டும் ஆரோக்கியமாக வாழ்ந்தால் அந்தப் பணம் உங்களுடையது. சிக்கல், ஆறாவது மாதத்தில் ஒன்று நோயில் விழுந்தால் கையில் இருப்பது 162 பவுண்டு. இன்று ராத்திரி 1,500 பவுண்டு கேட்டால் குடும்பச் செலவில் கை வைக்காமல் உங்களால் கொடுக்க முடியுமா? முடியும் என்றால் சேமிப்பே போதும், நான் வற்புறுத்த மாட்டேன். முடியாது என்றால் பாலிசி. நான் இரண்டும் வைத்திருக்கிறேன், பாலிசியோடு தனிக் கணக்கில் 500 பவுண்டு. ஏனென்றால் பல அவசர மருத்துவமனைகளில் முதலில் முன்பணம் கட்டச் சொல்வார்கள், பிறகுதான் நாம் கம்பெனியிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். கம்பெனியிடமிருந்து நேராக வாங்கிக்கொள்ளும் மருத்துவமனைகளும் உண்டு, அதிலும் எக்ஸஸ் நம் கையில் இருந்துதான்.

பாலிசியைவிட முக்கியமாக நான் நினைப்பது முயல் தெரிந்த வெட். மயக்க மருந்து கொடுத்த பிராணிகளில் எத்தனை இறக்கின்றன என்று இந்த நாட்டில் பெரிய அளவில் ஒரு ஆய்வு நடந்து 2008-இல் வெளியானது: நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24, முயல்களில் 1.39, அதாவது 72-இல் ஒன்று. பழக்கமுள்ளவர் கையில் அந்த ஆபத்து குறையும். வருடத்துக்கு எத்தனை முயலுக்கு மயக்க மருந்து கொடுக்கிறீர்கள், மூச்சுக்குழாயில் குழாய் விட்டுச் செய்கிறீர்களா, வலி மருந்தோடு வீட்டுக்கு அனுப்புவீர்களா என்று கேளுங்கள், ஆபரேஷனுக்கு முன் முயலைப் பட்டினி போடச் சொன்னால் வேறு வெட் பாருங்கள், முயலைப் பட்டினி போடவே கூடாது. ராபிட் வெல்ஃபேர் அசோசியேஷன் முயலுக்கு நல்ல மருத்துவமனைகளின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது, அதில் உங்கள் பகுதியைத் தேடுங்கள். ராத்திரி அவசரத்துக்கு எங்கே அனுப்புவார்கள், அங்கே முயல் பார்ப்பவர் இருப்பாரா என்பதையும் இப்போதே கேட்டு எண்ணைப் போனில் சேர்த்து வையுங்கள்.

செலவைக் குறைக்க இன்னொரு வழி, நீண்ட நாள் மருந்துக்கு வெட்டிடம் மருந்துச் சீட்டு எழுதி வாங்கி அனுமதி பெற்ற இணைய மருந்தகத்தில் வாங்குவது. சீட்டுக்கு ஒரு கட்டணம் உண்டு, அப்படியும் வலி மருந்து பாட்டிலில் பாதிக்குப் பாதி மிச்சமாகும். 2013-இல் பெரிய குழுமங்கள் கையில் பத்து சதவீதமாக இருந்த வெட் மருத்துவமனைகள் இப்போது அறுபது சதவீதம் ஆகிவிட்டன. விலை ஏறியது பற்றி இங்கிலாந்தில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையமே 2024 மே மாதம் முறையான விசாரணை தொடங்கியது. ஆகவே ஒரே ஊரில் இரண்டு இடம் விலை கேட்பதில் தயக்கமே வேண்டாம். வருமானம் குறைந்து அரசு உதவித்தொகை வாங்கும் குடும்பம் என்றால் பிடிஎஸ்ஏ என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது, தகுதி இருக்கிறதா என்று அஞ்சல் குறியீட்டைப் போட்டே பார்த்துவிடலாம்.

ஊரில் அண்ணனும் முயல் வளர்க்கிறார், அங்கே உண்டா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் தேசிய கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் முயலும் சேர்ந்தது, பத்து முயலை ஒரு மாட்டுக்குச் சமமாகக் கணக்கிடுவார்கள். ஆனால் அது பண்ணை வைத்திருப்பவர்களுக்கு, முயல் இறந்துபோனால் ஈடு கொடுப்பது. வைத்தியச் செலவுக்கு அது உதவாது. அண்ணனுக்கு நான் சொல்வது சேமிப்புதான்.

ஒரு விஷயம் விட்டுப்போனது. நான் மேலே சொன்ன அந்த 6,349 முயல்களின் ஆய்வில், இறந்த முயல்களுக்குப் பதிவான காரணங்களில் முதலிடம் புழு வைப்பது, பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல். கோடையில் பின்பக்கம் ஈரமாகவோ புழுக்கை ஒட்டியோ இருந்தால் பச்சை ஈ வந்து முட்டையிடும், ஒரே நாளில் புழுவாகித் தோலைத் துளைத்துவிடும். தினமும் இரண்டு வேளை தூக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள், மகளுக்கு அந்த வேலையைக் கொடுத்தாலும் நீங்களும் கூட நின்று பாருங்கள். ஈக்காலம் வரும் முன் தடவும் மருந்து வெட்டிடம் உண்டு, பத்து வாரம் காக்கும்.

கோடைக்குத் தோட்டத்தில் கூடு போடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். 14 நாள் காத்திருப்பைக் கணக்கில் வைத்து, வெளியே விடுவதற்கு மூன்று வாரம் முன்பாவது பாலிசி தொடங்கிவிடும்படி பாருங்கள். எடுத்த பிறகும் 14 நாளுக்குள் மனம் மாறினால் ரத்து செய்ய உரிமை உண்டு. சேரும் முன் இந்த வாரமே ஒரு பரிசோதனைக்குக் கொண்டுபோய் இரண்டின் எடையையும், கடைவாய்ப் பல் சரியாக இருக்கிறது என்பதையும் பதிவில் ஏற்றச் சொல்லிவிட்டு, அந்தப் பதிவின் நகலை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் புரியாத வரி ஏதாவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.